வீடு அதேதான், பள்ளிக்கூடம்தான் மாறுகிறது

அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் கேரி, மாரிஸ்வில், ஏபெக்ஸ் பக்கம் வேலை கிடைத்து வருகிற தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்? அதுக்குப் பக்கத்துல வீடு பார்க்கணும்" என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பேன்: "குழந்தைங்க என்ன வகுப்பு? எத்தனை வருஷம் இங்கே இருக்கப் போறீங்க?" கேட்டவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ஆனால் இந்த ஊர்கள் இருக்கும் வேக் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல) இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் பள்ளியை வைத்து வீடு வாங்கக் கூடாது. இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு ஒதுக்கியிருக்கும் பள்ளி உங்கள் குழந்தை அங்கே படித்து முடிக்கும்வரை அதேதான் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

நாங்கள் இங்கே வந்து பல வருஷம் ஆகிவிட்டது. மகள் தொடக்கப் பள்ளியில் இருந்தபோது ஒருமுறை எங்கள் தெரு பள்ளி மாறியது. அவள் நடுநிலைப் பள்ளிக்குப் போகும் சமயத்தில் மறுபடி வரைபடம் மாறியது. மகனுக்கு வேறு விதமான நாட்காட்டி கொண்ட பள்ளி. இத்தனைக்கும் வீடு மாறவே இல்லை. இந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை எல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏன் இப்படி மாறுகிறது என்பது. வேக் கவுண்டியின் மக்கள்தொகை 2000இல் 6,27,846. 2010இல் 9,00,993. 2020 கணக்கெடுப்பில் 11,29,410. இருபது வருஷத்தில் ஐந்து லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். எங்கள் மாரிஸ்வில் 2000இல் 5,208 பேர் இருந்த சின்ன ஊர். 2020இல் 29,630 பேர். ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற தொழில் பூங்காவில் வேலை, அதைச் சுற்றி அபார்ட்மென்ட், டவுன்ஹவுஸ், தனி வீடு. நேற்றுவரை பைன் மரக் காடாக இருந்த இடத்தில் திடீரென்று நானூறு வீட்டுக்குச் சாலை போடுவார்கள். அங்கே குடிவரும் குழந்தைகள் அடுத்த ஆகஸ்டில் ஏதோ ஒரு பள்ளியில் உட்கார வேண்டும். பள்ளி கட்ட நிலம், பணம், அனுமதி என்று சில வருஷம் ஓடிவிடும். வீடு அதற்குள் எழும்பிவிடும். இந்த இடைவெளியில்தான் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக் காலம் கழிகிறது.

இரண்டாவது காரணம் பழையது, புதிதாக வருகிற பலருக்கும் தெரியாதது. 1976 வரை மாநிலத் தலைநகர் ராலேயின் பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம், சுற்றியிருந்த கவுண்டிப் பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம். நகரத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகருக்குப் போகப் போக நகரப் பள்ளிகளில் இடம் காலியானது. வெளியே இடம் போதவில்லை. இரண்டையும் இணைக்கலாமா என்று 1973இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு, 1976 ஜூலையில் இரண்டும் ஒரே நிர்வாகமாயின. வாக்குப்பெட்டியில் தோற்ற இணைப்புதான் இன்றைக்கு ஏறக்குறைய 1,60,000 மாணவர்கள், சுமார் 200 பள்ளிகள் கொண்ட, மாநிலத்திலேயே பெரிய பள்ளி அமைப்பாக நிற்கிறது.

அந்த இணைப்பு நல்ல முடிவு என்றுதான் நான் நம்புகிறேன். அமெரிக்காவின் பல பெருநகரங்களில் நகரம் தனிப் பள்ளி மாவட்டம், அதை ஒட்டிய ஒவ்வொரு புறநகரும் தனிப் பள்ளி மாவட்டம். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் புதுக் கட்டடம், அந்தப் பக்கம் ஒழுகுகிற கூரை. இங்கே அப்படி இல்லை. கிழக்கே ஸெபுலான் போனாலும் மேற்கே ஏபெக்ஸ் போனாலும் ஒரே பள்ளி வாரியம், ஒரே பாடத்திட்டம், ஒரே கட்டட நிதி. அதற்கு நாம் தருகிற விலைதான் எந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி என்ற இந்தக் கோடு மாறுதல். ஒரு பள்ளி நிரம்பி வழிந்தால் பக்கத்துப் பள்ளியில் இருக்கும் காலி இடத்துக்குக் குழந்தைகளை அனுப்ப இந்த நிர்வாகத்தால் முடியும். முடியும் என்பதால் அனுப்புகிறது.

இதில் அரசியலும் இருந்திருக்கிறது. இணைப்புக்குப் பிறகு எல்லாப் பள்ளியிலும் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் கலந்து இருக்கும்படி இன அடிப்படையில் பள்ளிகளைச் சமன்செய்தார்கள். 1982இல் ராலே நகருக்குள் இருந்த பல பள்ளிகளைச் சிறப்புப் பாடங்கள் கொண்ட மேக்னெட் பள்ளிகளாக மாற்றி, புறநகர்க் குழந்தைகள் தாங்களாகவே விரும்பி வரும்படி செய்தார்கள். இனத்தை வைத்து ஒதுக்குவதற்கு எதிராக ஃபெடரல் நீதிமன்றத் தீர்ப்புகள் வரத் தொடங்கியதும் 2000இல் அளவுகோலை மாற்றினார்கள்: எந்தப் பள்ளியிலும் இலவச, சலுகை விலை மதிய உணவு பெறும் குழந்தைகள் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வகுப்புத் தரத்துக்குக் கீழே படிப்பவர்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இலக்கு. 2009 தேர்தலில் வாரியம் கைமாறியது. 2010 மார்ச்சில் 5க்கு 4 என்ற வாக்கில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். அந்த வருஷம் கூட்ட அரங்கிலேயே போராட்டம், கைது எல்லாம் நடந்தது. பெற்றோரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் ஒன்றும் வந்து, ஒரு கல்வியாண்டோடு போனது. மறுபடி முகவரியை வைத்து ஒதுக்கும் முறைக்கே திரும்பினார்கள். இந்த ஊரில் பள்ளி எல்லை பற்றிப் பேசினால் பழைய ஆட்களின் குரல் ஏன் சட்டென்று உயர்கிறது என்பது இந்தக் கதை தெரிந்தால்தான் புரியும்.

இனி நடைமுறை.

கவுண்டி முழுவதையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். அதை நோட் என்கிறார்கள். உங்கள் வீடு எந்த நோடில் இருக்கிறதோ அதற்கு ஒரு பேஸ் பள்ளி, அதாவது அந்த முகவரிக்கு ஒதுக்கிய பள்ளி. புதுப் பள்ளி திறக்கும்போதும், ஒரு பள்ளி நிரம்பும்போதும், ஒரு நோடையோ சில நோடுகளையோ அப்படியே எடுத்து வேறு பள்ளியில் வைக்கிறார்கள். தெருவின் இந்த வரிசை ஒரு பள்ளி, எதிர் வரிசை வேறு பள்ளி என்பது இப்படித்தான் வருகிறது. வீட்டு விற்பனை விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள். கவுண்டிப் பள்ளிகளின் தளத்தில் முகவரியைக் கதவு எண்ணோடு போட்டுப் பாருங்கள். அதே பக்கத்தில் அடுத்த கல்வியாண்டைத் தேர்ந்தெடுத்தும் பாருங்கள். இந்த ஆண்டு ஒரு பெயரும் அடுத்த ஆண்டு வேறு பெயரும் வருவதைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதை நிறுத்திய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

பேஸ் பள்ளி என்று காட்டினாலும் இடம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. இதுதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் கலங்கடிப்பது. நிரம்பிய பள்ளிக்கு "கேப்", அதாவது சேர்க்கை வரம்பு, போட்டுவிடுவார்கள். கேப் போட்ட தேதிக்குப் பிறகு அந்த எல்லைக்குள் குடிவருகிற குழந்தை, இடம் இல்லாவிட்டால், ஓவர்ஃப்ளோ பள்ளி என்று குறித்திருக்கும் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். கேரி மேற்குப் பக்கமும் மாரிஸ்வில் பக்கமும் இது பல வருஷமாக நடப்பது. சென்ற முறை பூங்காவில் பார்த்த ஒரு பெண் கண் கலங்கிப் போய்ச் சொன்னார்: "அக்கா, ஜன்னலைத் திறந்தா ஸ்கூல் தெரியுது. என் பையன் மட்டும் பஸ் ஏறி எங்கேயோ போறான்." அவருக்கு நான் சொன்னது இதுதான்: காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள், வருஷ நடுவிலும் இடம் விழும். அதே சமயம் ஓவர்ஃப்ளோ பள்ளியைத் தற்காலிக இடமாக நினைத்து நடத்தாதீர்கள். போய்ப் பாருங்கள், டீச்சரைப் பாருங்கள், பெற்றோர் சங்கத்தில் சேருங்கள். அந்தப் பையன் இப்போது அங்கேயே இருக்கிறான். பேஸ் பள்ளியில் இடம் வந்தபோது அம்மாதான் போகட்டும் என்றாராம், பையன் வர மாட்டேன் என்றுவிட்டான்.

சேர்க்கைக்கான தாள்கள் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு முகவரிக்கு ஆதாரம் கட்டாயம். வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். இந்தியாவில் போட்ட தடுப்பூசிகளின் பதிவை இங்கே உள்ள மருத்துவரிடம் காட்டி மாநிலப் படிவத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். நார்த் கரோலினா அரசுப் பள்ளியில் முதல்முறை சேரும் குழந்தைக்கு 30 நாளுக்குள் உடல்நலப் பரிசோதனைச் சான்று தர வேண்டும். ஆகஸ்டில் குழந்தை மருத்துவரிடம் நேரம் கிடைப்பது கஷ்டம். விமானம் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்து நாட்காட்டி. இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றுவது பள்ளியின் பெயர் அல்ல, நாட்காட்டிதான்.

வழக்கமான பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் திறந்து ஜூனில் முடியும். ஆகஸ்ட் 26ஐ ஒட்டிய திங்கட்கிழமைக்கு முன்னால் திறக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆனால் வருடம் முழுக்க நடக்கும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. அவை ஜூலையிலேயே தொடங்கும். மாணவர்களையும் ஆசிரியர்களையும் டிராக் என்ற நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு டிராக்குக்கு 45 நாள் பள்ளி, 15 நாள் விடுமுறை; சனி, ஞாயிறு சேராத கணக்கு. எந்த நேரமும் மூன்று டிராக் உள்ளே, ஒரு டிராக் வெளியே. கல்யாண மண்டபத்தில் பந்தி போடுவது போலத்தான்: ஒரு வரிசை எழுந்தால் அந்த இலையில் அடுத்தவர்கள் உட்காருவார்கள். இதனால் ஒரே கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். புதுக் கட்டடம் கட்டப் பணமில்லாதபோது கவுண்டி கண்டுபிடித்த வழி இது. 2007 வாக்கில் பல பள்ளிகளைக் கட்டாயமாக இப்படி மாற்றியபோது பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. 2009இல் மாநில உச்ச நீதிமன்றம் சம்மதம் தேவையில்லை, வாரியத்துக்கு அதிகாரம் உண்டு என்று முடித்துவைத்தது.

என் மகன் இப்படி ஒரு பள்ளியில்தான் படித்தான். டிராக் முடிகிற கடைசி நாள் அந்த வகுப்பறையைப் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த படங்கள் இறங்கும். புத்தகங்கள், வண்ணப் பென்சில் டப்பாக்கள், கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மரக்கட்டைகள் எல்லாம் சக்கரம் வைத்த அலமாரிக்குள் போகும். டீச்சர் அதைப் பூட்டி வராந்தாவில் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்துவார். திங்கட்கிழமை வேறு டிராக் டீச்சர் தன் அலமாரியைத் தள்ளிக்கொண்டு அதே அறைக்கு வருவார். என் மகன் தன் மேசையில் இருந்ததை எல்லாம் ஒரு மளிகைக் கடைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு வருவான். மூன்று வாரம் கழித்துப் போகும்போது வேறு அறை கிடைக்கலாம். குழந்தைகள் இதை வெகு சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆசிரியர்களின் உழைப்பைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஒவ்வொரு டிராக்-அவுட்டுக்கும், அதாவது அந்த மூன்று வார விடுமுறைக்கும், முகாம் செலவு இருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ., நகராட்சிப் பூங்காத் துறை, தனியார் நடன, விளையாட்டு வகுப்புகள் எல்லாம் முகாம் நடத்துகின்றன. பூங்காத் துறையின் முகாம்களுக்குப் பதிவு திறந்த அன்றே இடம் தீர்ந்துவிடும். நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்கள் ஒரே டிராக் கேட்டு வாங்கிக்கொண்டோம். பாட்டி தாத்தா வந்திருக்கும் வீட்டில் எல்லாக் குழந்தைகளும் ஒரு வாரம், அடுத்த வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய முடிகிறவர் வீட்டில். வழக்கமான பள்ளி விடுமுறைக்கு ஓரளவு நெருக்கமாக வருவதால் நான்காவது டிராக்குக்குத்தான் போட்டி அதிகம். மற்ற டிராக் கிடைத்தால் மனம் நொந்து போகாதீர்கள். எல்லோரும் ஜூன், ஜூலையில் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும்போது ஊருக்கு ஓடுவார்கள். நீங்கள் குளிர்கால டிராக்-அவுட்டோடு கிறிஸ்துமஸ் விடுமுறையும் ஒட்டி வருகிற வருஷத்தில் மார்கழியை ஊரில் கழிக்கலாம். என் மகன் வாசலில் கோலம் போடுவதைப் பார்த்ததும், தாத்தாவோடு பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போனதும் இந்த நாட்காட்டி கொடுத்ததுதான்.

சிக்கல் வருவது இரண்டு பிள்ளைகள் இரண்டு நாட்காட்டியில் இருக்கும்போது. உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் வழக்கமான நாட்காட்டியில் போகும். மகளுக்கு கோடை விடுமுறை, மகனுக்குப் பள்ளி. மகனுக்கு விடுமுறை, மகளுக்குத் தேர்வு. சில வருஷம் குடும்பமாகச் சேர்ந்து போக ஒரு வாரம்கூடக் கிடைக்காது. வருடம் முழுக்க நடக்கும் பள்ளி உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் அதற்கு மாற்றாக வழக்கமான நாட்காட்டிப் பள்ளியையும், அதேபோல எதிர்ப்பக்கத்தையும் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. விண்ணப்பிக்கும் காலம் குறுகியது. அதைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போயிற்று.

எங்கள் நோடை மாற்றும் வரைவு வந்த கதைக்கு வருகிறேன். இலையுதிர் காலத்தில்தான் பொதுவாக அடுத்த கல்வியாண்டுக்கான வரைவுகள் வெளிவரும். முதல் வரைவு, பெற்றோர் கருத்து, திருத்திய வரைவு, மறுபடி கருத்து, பொதுக்கூட்டம், அதன்பின் ஒன்பது பேர் கொண்ட வாரியத்தின் வாக்கு. முதல் வரைவு வந்த அன்றே எங்கள் வாட்ஸாப் குழு கொதித்தது. "வீட்டு விலை என்னாகும்?" என்றார் ஒருவர். "அந்த ஸ்கூலோட ரேட்டிங் பாத்தீங்களா?" என்றார் இன்னொருவர். ஆன்லைன் மனு ஒன்று தயாரானது. அதில் முதல் வரியே சொத்து மதிப்பு.

பொதுக்கூட்டத்துக்குப் போனேன். எங்கள் பகுதியினர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வீட்டுக்குக் கொடுத்த விலையைச் சொன்னார்கள். வாரியத்தினர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. பிறகு ராலேயின் தென்கிழக்குப் பகுதியில் இருந்து வந்திருந்த வயதான கறுப்பினப் பெண் ஒருவர் மைக்குக்கு வந்தார். தன் பிள்ளைகள் விடியுமுன் பஸ் ஏறி, நிறுத்தம் நிறுத்தமாக நின்று, கவுண்டியின் மறுகோடிக்குப் போய்ப் படித்ததைச் சொன்னார். இப்போது பேரப்பிள்ளைகளும் அப்படியே போகிறார்கள் என்றார். "தூரம் பற்றி இன்று நிறையப் பேர் பேசினீர்கள். அந்தத் தூரத்தை நாங்கள் பல வருஷமாகச் சுமக்கிறோம்" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கோபமே இல்லாத குரல். எங்களை மாறச் சொன்ன பள்ளி எங்கள் வீட்டில் இருந்து காரில் பத்து நிமிஷம்கூட இல்லை.

அதன் பிறகு நாங்கள் எழுதிய கடிதம் வேறு மாதிரி இருந்தது. சொத்து மதிப்பு, ரேட்டிங் இரண்டையும் எடுத்துவிட்டோம். மூன்று விஷயம் மட்டும் எழுதினோம். எங்கள் நோடில் இருந்து புதுப் பள்ளிக்குப் போகும் வழியில் நடைபாதை இல்லாத, வேகமாக வண்டி போகும் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும் என்பது ஒன்று. ஐந்தாம் வகுப்புக்குப் போகும் குழந்தைகள் கடைசி ஒரு வருஷத்துக்காக இடம் மாற வேண்டியிருப்பது இரண்டு. எங்கள் பக்கத்திலேயே அனுமதி பெற்றுவிட்ட புதுக் குடியிருப்பு வந்தால், இப்போது போடுகிற கோடு மறுபடி மாற்ற வேண்டி வரும் என்பது மூன்று. நகராட்சியின் திட்ட வரைபடத்தை அச்செடுத்து இணைத்தோம். பக்கத்து நோடில் இருந்த அமெரிக்கக் குடும்பங்களையும் கையெழுத்துக்குச் சேர்த்துக்கொண்டோம். இரண்டாம் வரைவில் எங்கள் பள்ளி மாற்றம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தச் சாலையைக் கடக்க வேண்டிய தெருக்களுக்குப் பஸ் என்று உறுதியானது, எல்லைக் கோடும் அந்தப் புதுக் குடியிருப்பைச் சேர்த்து நகர்ந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. எங்கள் வாட்ஸாப் குழுவில் சிலருக்குப் போதவில்லை.

கடைசி வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே தொடர விண்ணப்பிக்கலாம். பஸ் மட்டும் வராது. இதற்கு ஆம் என்று சொல்வதற்கு முன் பள்ளி மணி நேரத்தைப் பாருங்கள். ஒரே பஸ் உயர்நிலை, நடுநிலை, தொடக்கப் பள்ளி என்று அடுத்தடுத்து ஓட வேண்டியிருப்பதால் மூன்றுக்கும் வெவ்வேறு நேரம். ஒரு பிள்ளையைக் கார்பூல் வரிசையில் இறக்கிவிட்டு அடுத்த பிள்ளையை இன்னொரு வரிசையில் இறக்கிவிட முடியுமா, மாலையில் யார் கூட்டிவருவது, அலுவலகத்தில் அந்த நேரத்துக்குக் கூட்டம் இருக்கிறதா என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் தோழி ஒருத்தி மகனின் நட்புக்காக இதைச் செய்தாள். நல்ல முடிவுதான், ஆனால் அந்த வருஷம் முழுக்க அவள் மாலை மூன்று மணிக்கு எங்கேயும் வர முடியாதவளாக இருந்தாள்.

நடுநிலைப் பள்ளி மாறும்போது கவனிக்க வேண்டியது வேறு. கணக்கில் முன்னேறிய வகுப்பில் இருக்கும் குழந்தைக்குப் புதுப் பள்ளியிலும் அதே வரிசை இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்கெஸ்ட்ரா எல்லாப் பள்ளியிலும் இல்லை. என் மகள் வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள், போன பள்ளியில் வயலினுக்கு இடமில்லாத பேண்ட் வாத்தியக் குழு மட்டும்தான் இருந்தது. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரை ஏப்ரலிலேயே பார்த்ததால் அவளுக்குப் பிடித்த வேறு பாடம் கிடைத்தது. வயலின் வீட்டு வகுப்பில் தொடர்ந்தது. ஆகஸ்டில் போயிருந்தால் மீதி இருப்பதைத்தான் கொடுத்திருப்பார்கள்.

பிள்ளைகளிடம் சொல்வது பற்றி. வரைவு வந்த அன்றே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பஸ்ஸில் அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். பெரியவர்கள் அந்தப் பள்ளியைப் பற்றித் தாழ்வாகப் பேசினால் அது அப்படியே அவர்கள் மனதில் இறங்கும். எங்கள் வீட்டில் ரேட்டிங் என்ற பேச்சையே சாப்பாட்டு மேசையில் எடுப்பதில்லை என்று என் கணவர் கண்டிப்பாக வைத்தார். புதுக் கட்டடம் கட்டி முடியும் தறுவாயில் சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிப்போய் வேலிக்கு வெளியே இருந்து காட்டினோம். அந்தப் பள்ளியின் விலங்குச் சின்னத்தைத் தேர்ந்தெடுக்க மாணவர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக "எங்க ஸ்கூல்" என்றாள்.

புதுப் பள்ளியில் முதல் வருஷம் எல்லாமே பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். பெற்றோர் சங்கத்தில் பணம் இருக்காது, நூலகத்தில் தட்டுகள் காலியாக இருக்கும், யாரும் யாருக்கும் பழக்கமில்லை. நம்மவர்கள் தயங்காமல் முன்னே நிற்க வேண்டிய நேரம் இது. பழைய பள்ளிகளில் பெற்றோர் சங்கப் பதவிகள் வருஷக்கணக்காக ஒரே வட்டத்துக்குள் சுற்றும். புதுப் பள்ளியில் கை தூக்குகிறவருக்குப் பொறுப்பு கிடைக்கும். அந்த வருஷம் நூலகப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளி முதல்வர் என் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டது அந்த வேலையில்தான்.

கட்டுமானம் நடக்கும்போது இன்னொரு கட்டடத்துக்கு மொத்தப் பள்ளியையும் இடம் மாற்றுவதும் உண்டு. ஏபெக்ஸ் உயர்நிலைப் பள்ளியை இடித்துக் கட்டியபோது 2017இல் இருந்து இரண்டு வருஷம் அந்த மாணவர்கள் புதிதாகக் கட்டிய கிரீன் லெவல் வளாகத்தில் படித்தார்கள். 2019இல் அவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்ப, கிரீன் லெவல் தனிப் பள்ளியாகத் திறந்தது. பள்ளி வாரியம் இப்படி எல்லாம் திட்டம் போடலாம், ஆனால் பணம் அதன் கையில் இல்லை. நார்த் கரோலினாவில் பள்ளி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. கட்டடத்துக்கான பணம் கவுண்டி ஆணையர்கள் வழியாகவும், மக்கள் வாக்களிக்கும் கடன் பத்திரங்கள் வழியாகவும் வருகிறது. 2006இல் 97 கோடி டாலர், 2013இல் 81 கோடி, 2018இல் 54.8 கோடி, 2022இல் 53 கோடிக்குச் சற்று மேல் என்று மக்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் நிரம்பிய பள்ளி பற்றிப் பள்ளி வாரியத்திடம் மட்டும் புகார் சொன்னால் பாதி வேலைதான் நடந்த மாதிரி. ஆணையர்களின் பட்ஜெட் கூட்டத்துக்கும் போக வேண்டும். அங்கே நம் முகங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது காற்று வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கோவிடுக்குப் பிறகு மாணவர் எண்ணிக்கை முன்போல ஏறவில்லை. பிறப்பு குறைந்திருக்கிறது. அரசுப் பணத்தில் தனி நிர்வாகமாக நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை 2011இல் மாநிலம் எடுத்த பிறகு அவை பெருகிவிட்டன. 2024-25இல் இருந்து வருமான வரம்பு இல்லாமல் எல்லாக் குடும்பமும் தனியார் பள்ளிக்கான அரசு உதவித்தொகை கேட்கலாம். மேற்கிலும் தெற்கிலும் வீடுகள் எழும்புகின்றன. பழைய குடியிருப்புகளில் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டதால் வகுப்பறைகள் காலியாகின்றன. ஒரு பக்கம் நாலு டிராக் தேவையில்லை என்று நாட்காட்டியை மாற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் இடம் போதாமல் தற்காலிக டிரெய்லர் வகுப்பறைகள் நிற்கின்றன. வளருகிற கவுண்டியிலேயே சில பள்ளிகளை ஒன்று சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி வரும் காலம் தூரத்தில் இல்லை என்பது என் கணிப்பு. அப்படி வந்தால் மூடப்படுவது பெரும்பாலும் குரல் எழுப்பத் தெரியாதவர்களின் பள்ளியாகத்தான் இருக்கும். அன்றைக்கு நம் நோடு அந்தப் பட்டியலில் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விசாவில் இருப்பவர்கள் பலர் "எங்களுக்கு ஓட்டு இல்லையே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பொதுக்கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. வரைவுக்குக் கருத்து எழுதவும் தேவையில்லை. பெயர், முகவரி, குழந்தையின் பள்ளி, ஒரு பக்கத்துக்கு மிகாத கருத்து. அதுவும் முதல் வரைவு வந்த இரண்டு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், கடைசி வாக்கெடுப்புக்கு முந்தின நாள் அல்ல. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருப்பவர்கள் தமிழில் எழுதிக் கொடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் தன்னார்வ மணிநேரத்துக்காக மொழிபெயர்த்துக் கொடுக்கிறார்கள்.